வே அக்காவின் கணக்கில் ஏறிய மாமனார்

"பின் சக்கரம் இன்னும் மேடைக்கு வரல. முன்னால எடுங்க. போதும். நிறுத்துங்க. உள்ள இருக்கிறவங்க உள்ளயே இருங்க, இறங்கினவங்க இறங்கியே நில்லுங்க."

எங்கள் சரக்கு யார்டின் எடை மேடையில் லாரியை ஏற்றினால் முதலில் கேட்பது இந்தக் குரல்தான். ஒலிபெருக்கி பழசு. அதில் யார் பேசினாலும் சளி பிடித்த மாதிரி இருக்கும். ஆனாலும் ஒரு சொல் தப்பாகக் கேட்காது. இழுத்தும் பேச மாட்டார், அதட்டியும் பேச மாட்டார். எத்தனை முரட்டு டிரைவராக இருந்தாலும் அந்தக் குரலுக்குச் சக்கரத்தை அரை அடி நகர்த்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். நானும் அப்படித்தான். இத்தனைக்கும் அவர் என் அண்ணி, நான் அவருக்குக் கொழுந்தன். எனக்கென்று ஒரு சலுகையும் கிடையாது.

யார்டில் அவருக்குப் பெயர் வே அக்கா. அவரை விட மூத்தவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். பெயர் வந்த கதை சின்னது. சரக்கோடு கூடப் போகும் சீட்டு வே பில். லாரியை நிறுத்தி எடை பார்க்கும் மேடை வே பிரிட்ஜ். இரண்டையும் கவனிப்பது அண்ணி. "வே பில் குடுங்க, வே பிரிட்ஜ்ல ஏத்துங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அந்த வே அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஒரு வே வழியாம், இன்னொரு வே எடையாம். எழுத்தும் வேறு வேறாம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் வாய்க்கு இரண்டும் ஒரே வேதான். இந்த ஒரே வே அண்ணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஸ்டியரிங் பிடித்துத்தான் பழக்கம், பேனா பழக்கம் குறைவு. கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் மாமனார் கதையைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

எடை மேடையில் சரக்கை எடை போடுவது கிடையாது. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அதுதான் நிஜம். சரக்கோடு லாரியை நிறுத்தி ஒரு எடை. இறக்கிவிட்டு வந்த பிறகு காலி லாரியை நிறுத்தி ஒரு எடை. அதிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் நிற்பது சரக்கு. கண்ணால் பார்க்காமல், தனியாகத் தூக்காமல், கழித்தே கண்டுபிடிக்கிற எடை. அதனால் லோடோடு நிற்கும்போது வண்டியில் என்னென்ன இருந்ததோ அதெல்லாம் காலியாக நிற்கும்போதும் இருக்க வேண்டும்.

ஒரு முறை ஒரு டிரைவர் சிமென்ட் கொண்டுவந்தான். லோடு எடை போட்டாயிற்று. இறக்கிவிட்டு வந்து காலி எடையும் போட்டாயிற்று. அண்ணி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார்.

"மூட்டைக் கணக்குக்கு மேல வருது. உள்ள இருந்து யாராவது இறங்கினாங்களா?"

"யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. நல்ல கனமான ஆளு."

டிரைவர் தலையைச் சொறிந்தான். பிறகு நாக்கைக் கடித்தான். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் அவன் மாமனார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கி வந்திருக்கிறார். சரக்கு இறக்கிய இடத்தில் எழுந்து டீ குடிக்கப் போனவரை இவன் மறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"சிமென்டுல உங்க மாமனாரும் சேந்திருக்காரு. போய் கூட்டிட்டு வாங்க, மறுபடி போடுறேன்" என்றார் அண்ணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்றிலிருந்து எங்கள் யார்டில் மாமனார் என்றால் அர்த்தமே வேறு. கணக்கில் சொல்லாமல் ஏறிக்கொண்ட எதுவும் மாமனார்தான். டீக்கடையில் ஒரு டீ கூடுதலாக எழுதப்பட்டிருந்தால், "இதுல ஒரு மாமனார் இருக்காருப்பா" என்போம்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருக்கும்போது கல்யாணம் செய்து கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் அப்போது சுமை தூக்குகிறவன். யார்டில் கிரேன் என்று பெயர். ஒரு மூட்டைக்கு மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டு விசில் அடித்தபடி நடப்பான். பிறகு ஒரு நாள் துணிப் பொதி ஒன்று சரிந்து அவன் முதுகில் விழுந்தது. இப்போது கனமாக எதையும் தூக்கக் கூடாது. சாக்கு தைக்கும் இடத்தில் உட்கார்ந்து வேலை. ஆனால் பெயர் இன்னும் கிரேன்தான். அதைக் கேட்கும்போது அவனுக்குப் பெருமையா வலியா என்று யாருக்கும் தெரியாது.

அண்ணிக்குப் படிப்பு பாதியில் நின்றது ஒரு முள் மாதிரி உள்ளே இருந்திருக்கிறது. அழுது புலம்பவில்லை. பிள்ளை வேலைக்குப் போன பிறகு விட்ட பரீட்சையை எழுதினார். அது முடிந்ததும் அஞ்சல் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தார். சரித்திரம் படிக்கப் போனவர், சொற்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று எங்கோ பார்த்துவிட்டு மொழியியலில் உட்கார்ந்துகொண்டார். "இதப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல தம்பி. பாதி வழியில இறக்கிப் போட்ட சரக்கு. கொண்டு போய் சேத்துடணும், அவ்வளவுதான்."

எல்லாப் பாடமும் தேறிவிட்டார். கடைசியில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்து, அதைப் பற்றி நேரில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில்தான் வண்டி நின்றது. முதல் முறை போகவே முடியவில்லை. அண்ணனுக்கு முதுகு போனது அந்தச் சமயம். இரண்டாவது முறை போனார், தேறவில்லை. வே பில்லில் இருக்கும் வேயும் வே பிரிட்ஜில் இருக்கும் வேயும் ஒரே வேரில் பிறந்தவை என்று எழுதியிருந்தார். ஏன் ஒன்று என்றால், எங்கள் யார்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறோமாம். கட்டுரையின் கீழே பேராசிரியை எழுதியிருந்தது இவ்வளவுதான்: "விடை சரி. கணக்கு எங்கே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விடை சரின்னு அவங்களே எழுதிட்டாங்க. அப்புறம் மார்க் போடறதுக்கு என்ன?"

"ரெண்டு வேயும் ஒண்ணுன்னு நான் குருட்டாம்போக்குல சொன்னேன் தம்பி. அது சரியா அமைஞ்சுபோச்சு. சக்கரம் வெளிய நிக்கும்போது எடை சரியா வந்தாலும் நான் சீட்டு கொடுப்பேனா?"

இப்படி ஒரு மனுஷி.

மூன்றாவது முறைதான் கடைசி. அதற்கும் தேறாவிட்டால் பதிவு காலாவதி. முதலிலிருந்து எல்லாப் பாடமும் எழுத வேண்டும். அதற்கு அவருக்குத் தெம்பும் இல்லை, காலமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

இந்த முறை கணக்கோடு எழுத உட்கார்ந்தார். விஷயம் அதே வேதான், ஆனால் அடியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு மொழி இருந்திருக்க வேண்டும். சமஸ்கிருதம், லத்தீன், ஆங்கிலம், ருஷ்யன் எல்லாம் அதற்குப் பிறந்த பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். அந்தத் தாய் மொழியில் எழுதிய ஒரு வரி கூடக் கிடையாது. அதற்கு வைத்திருக்கிற பெயர் ஒரு முழம் நீளம். மூல இந்தோ ஐரோப்பியம். அதில் ஒரு வினைவேர். தமிழ் எழுத்தில் அதை அப்படியே எழுத முடியாது. ஏறக்குறைய 'வெக்' என்று வரும், முடிவில் கொஞ்சம் மூச்சு. அர்த்தம், வண்டியில் கொண்டு போவது.

"நம்ம தொழிலு" என்றேன்.

"அதே தொழில்தான். அந்த வேருக்குச் சமஸ்கிருதத்துல பொறந்தது வாகனம். தண்ணி அடிச்சுக் கொண்டு போனா பிரவாகம். லத்தீன்ல பொறந்தது வழியாத்தான் வெஹிகிள். ருஷ்யாவுல வண்டிக்கு வோஸ். டச்சுக்காரன் வாயில புகுந்து ஆங்கிலத்துக்கு வந்தது வேகன். நம்ம பக்கத்து லைன்ல நிக்குதே, சரக்கு ரயில் பெட்டி, அது. போற பாதை ஒரு வே. தூக்கி நிறுத்துப் பாக்கறது இன்னொரு வே."

"அப்ப நாம எல்லாருமே அந்தக் குடும்பமா அண்ணி?"

"தமிழ் அந்தக் குடும்பம் இல்ல. தமிழுக்கு வேற வீடு. வாகனம் நாம கைமாத்தா வாங்கினது. வேகனும் வாங்கினதுதான், ஆனா வேற கடையில. ரெண்டும் அக்கா தங்கச்சி பிள்ளைங்கன்னு தெரியாமலே நம்ம யார்டுல பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வெச்சிருக்கோம்."

எனக்கு அதைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு வேகன் ஓரமாக லாரியைப் பின்னால் எடுக்கும்போது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் எரிச்சல். பெண்டாட்டி புத்தகத்தை விரித்தால் அவன் டீ டம்ளரை ஓசையோடு வைப்பான்.

"இந்த வெக்குன்றது எவனாவது பேசிக் கேட்டிருக்கானா?"

"இல்ல. அதுக்குத்தான் முன்னால ஒரு நட்சத்திரம் போடறாங்க. யாரும் கேட்டதில்ல, யாரும் எழுதி வெக்கல, கணக்குல வந்ததுன்னு அதுக்கு அர்த்தம்."

"யாருமே பேசாத மொழியில ஒரு வார்த்தைக்கு மாசக்கணக்கா தவம் கெடக்குற. பக்கத்துல ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான், அது காதுல விழல."

"நீங்க பேசறதுக்கு முன்னால நட்சத்திரம் போட முடியாதுங்க. ஊரே கேக்குது."

நான் சிரித்துத் தொலைத்தேன். அண்ணன் என்னை முறைத்தான். "டேய், உனக்கு வண்டி இல்லையா?"

ஆனால் அவனும் மெல்ல மெல்லக் காது கொடுத்தான். விவாகம் வந்தபோதுதான் சிக்கினான். கல்யாணத்துக்கு வடமொழியில் விவாகம். அதுவும் அதே வேர். பெண்ணை அவள் வீட்டிலிருந்து கொண்டு போவது.

"கொண்டு போறதா? உன்ன நான் லாரியில கூட்டிட்டு வந்தேன். மூட்டை இல்லாத நாளாப் பாத்து மொதலாளிகிட்ட கேட்டு வாங்கின வண்டி" என்றான் அண்ணன்.

"மூட்டை இல்லன்னு யார் சொன்னா? பின்னால வெங்காயச் சாக்கு இருந்துச்சு. ஒரு வாரம் புடவையில வாசம் போகல."

"அப்ப அதையும் எழுது."

அதற்குப் பிறகு அவன் சாக்கு தைத்துக்கொண்டே யோசிக்க ஆரம்பித்திருக்கிறான். ஒரு நாள் மத்தியானம் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு எடை அறைக்கு நடந்தே வந்தான். அவன் முதுகுக்கு அது தூரம். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்.

"வேகத்த விட்டுட்டியே."

"என்னது?"

"வாகனம், வேகன் எல்லாம் போட்ட. வாகனம் எதுக்கு இருக்கு? வேகத்துக்கு. வேகன், வேகம். காது கேக்குதா? ஒரே வார்த்தை."

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார். முதுகு போன நாளிலிருந்து அவன் எதையும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. நான் சீட்டுக்காக ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன், அதனால் இரண்டு முகமும் எனக்குத் தெரிந்தது. அண்ணி, "ஆமாங்க. எப்படி விட்டேன்" என்றார். அன்றைக்கே ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார். கட்டுரை தபாலில் போனது.

அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில், டயர் கடையில், லாரி லைனில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. "வே அக்கா கட்டுரையில நம்ம சரக்கும் ஒண்ணு போயிருக்கு. வேகம். நான் ஏத்தி விட்டது." தூக்க முடியாத கிரேன் கடைசியில் ஒரு சரக்கைத் தூக்கி வைத்துவிட்டது. யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

நேர்காணலுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது, காலையில் அண்ணி வீட்டுக்கு வண்டிச் சாவி வாங்கப் போனேன். சமையல் மேடை ஓரமாக நின்றபடி ஒரு காகிதத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"தம்பி, மாமனார் ஏறிட்டாரு."

"எந்த வண்டியில?"

"கட்டுரையில."

காகிதத்தைக் காட்டினார். நேரில் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று, எல்லாச் சொல்லையும் அந்தந்த மொழி எழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த எழுத்து தெரியாது. அவர் விளக்கியது இதுதான். தமிழில் 'க' ஒன்றுதான். கல்லுக்கும் அதே க, மகனுக்கும் அதே க, தங்கத்துக்கும் அதே க. வாய் மாற்றிச் சொல்லும், கை ஒன்றையே எழுதும். அதனால் நம் கண்ணுக்கு வாகனம், வேகன், வேகம் எல்லாம் ஒரே முகம். சமஸ்கிருதத்தில் எழுதினால் வாகனத்தில் இருப்பது 'ஹ'. அந்தப் பழைய வேரின் கடைசி எழுத்து சமஸ்கிருதத்துக்குப் போனால் ஹ ஆகும், ஆங்கிலத்தின் பக்கம் போனால் தங்கத்தில் வரும் க ஆகும். எப்போதும் அப்படித்தான் ஆகும். அந்த ஒழுங்குதான் கணக்கு. ஆனால் வேகம் சமஸ்கிருதச் சொல். அதில் ஹ இல்லை, தங்கத்து க இருக்கிறது. இந்த வீட்டில் பிறந்திருந்தால் அது வேஹம் என்றல்லவா இருக்க வேண்டும்?

"வேற வேர் தம்பி. விஜ்னு ஒண்ணு. நடுங்கறது, துள்ளறது. அதுல வந்தது வேகம். நம்ம எழுத்து ஒண்ணா இருக்கவும் ஏமாந்துட்டேன். போன தடவை வே, இந்தத் தடவை க. அதே தப்பு, அதே ஆளு."

"அவங்க கண்ணுல படலன்னா?"

"பட்டா தப்பு, படலன்னா சரியா?"

"அண்ணி, இது கடைசித் தடவை. கேக்கலன்னா விட்டுடுங்க. அதோட..." நான் உள் அறையைப் பார்த்தேன். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நேர்காணலை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாமாம். தன் சொல்லைக் கேட்க அவனும் வருகிறான்.

"அதுதான் தம்பி கஷ்டம். மார்க் போனா போகட்டும்னு சொல்லிடுவேன். அவரு ஜன்னல்ல வந்து நின்னாரே, அத எப்படி இறக்கறது?"

அவர் அணைந்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நேர்காணல் நாளில் எனக்கு அந்த ஊர்ப் பக்கமே ஜல்லி லோடு கிடைத்தது. அண்ணி விடுமுறை போட்டிருந்தார். அவருக்குப் பதிலாக மீசைக்காரர் ஒருவர் எடை அறையில் இருந்தார். மூன்று பேரும் கேபினில் உட்கார்ந்தபடி மேடையில் ஏறி லோடு எடை போட்டோம். காலி எடை திரும்பி வந்து போட வேண்டும்.

"வரும்போதும் மூணு பேரும் ஏறியே வரணும்" என்றார் அண்ணி.

"வேற எங்க போகப் போறோம்?" என்றான் அண்ணன். இஸ்திரி மடிப்பு கலையாமல் இருக்க நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். முதுகு வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

ஜல்லியைக் கொட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போனோம். நீள அறை. மேசைக்குப் பின்னால் பேராசிரியை, பக்கத்தில் குறிப்பெழுத ஒருவர். பேராசிரியைக்கு அண்ணி வயதுதான் இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். நானும் அண்ணனும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

முதல் கேள்வியே நட்சத்திரம்தான். யாரும் கேட்காத சொல்லை எப்படி இருந்தது என்கிறீர்கள்?

அண்ணியின் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் சின்னதாக இருந்தது. ஆனால் நடுங்கவில்லை.

"நான் எடை மேடையில வேலை பாக்கறேன் மேடம். சரக்கைத் தனியா என் மேடையில யாரும் வெச்சதே கிடையாது. லோடோட ஒரு எடை, காலியா ஒரு எடை. கழிச்சா சரக்கு. அது எனக்குத் தெரியும், ஆனா நான் பாத்ததில்ல. ஒவ்வொரு மொழியும் அந்தச் சொல்ல ஏத்திக்கிட்டு வந்த வண்டி. அந்தந்த மொழி தன் பாட்டுக்குச் சேத்துக்கிட்டத அதோட ஒழுங்குப்படி கழிக்கணும். எல்லா வண்டியிலயும் கழிச்சா ஒரே மிச்சம் வருது. அந்த மிச்சத்துக்கு முன்னாலதான் நட்சத்திரம். நாளைக்கு இன்னொரு வண்டி வந்து கணக்கு மாறினா மாத்திக்கணும். அதுக்கும் சேத்துத்தான் அந்த நட்சத்திரம்."

பேராசிரியை கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பிறகு வரிசையாகக் கேள்விகள். வழி வேயின் கடைசி எழுத்து எப்படி யகரமாகத் தேய்ந்தது, எடை வேயில் உச்சரிக்காமலே எழுதுகிற எழுத்து எதன் அடையாளம் என்றெல்லாம். எனக்குப் பாதி புரியவில்லை. புரியாவிட்டாலும், லாரி மேடு ஏறும்போது எஞ்சின் சத்தத்தை வைத்தே ஏறிவிடும் என்று தெரியுமல்லவா, அப்படித் தெரிந்தது. அண்ணன் என் தொடையைத் தட்டி, "வேகம் எப்ப வரும்?" என்றான்.

பேராசிரியை கடைசித் தாளைத் திருப்பினார். "நீங்களா ஏதாவது சொல்லணுமா?"

அண்ணி ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். எங்களை என்று சொல்ல மாட்டேன், அண்ணனை.

"ஒரு தப்பு இருக்கு மேடம். வேகம்னு ஒரு பத்தி எழுதியிருக்கேன். அது இந்த வேர் இல்ல. தமிழ்ல மூணுக்கும் ஒரே க எழுதறதால ஒண்ணுன்னு நம்பிட்டேன். ஹ வர வேண்டிய இடத்துல க இருக்கு. அனுப்பின பிறகுதான் பாத்தேன். அத இறக்கிடுங்க."

என் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை.

பேராசிரியை தாளைத் தூக்கி எங்கள் பக்கம் காட்டினார். வேகம் என்ற சொல்லைச் சுற்றிப் பெரிய பென்சில் வட்டம். "இதத்தான் கடைசிக் கேள்வியா வெச்சிருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க. அந்தப் பத்திக்கு மார்க் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அதக் கழிச்சும் மிச்சம் தேறுது. முடிவு முறைப்படி வரும். இந்தத் தடவை கணக்கு இருக்கு." அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "இந்த வேகம் எப்படி உள்ள வந்துச்சு? மத்ததெல்லாம் இவ்வளவு கவனமா இருக்கே."

அண்ணி சொன்னார், "நான் ஏத்தினது மேடம். சோதிக்காம ஏத்தினது நான்தான்."

வெளியே வந்தோம். அண்ணி தேறிவிட்டார். எனக்கு ஹாரனை அழுத்திக்கொண்டே ஊர் போய்ச் சேர வேண்டும் போல இருந்தது. ஆனால் அண்ணன் லாரிப் பக்கம் வரவில்லை. வாசலிலேயே நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வரேன்."

"என்னங்க..."

"யார்டு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். முன்னாடியே தெரியும்ல உனக்கு? இவனுக்கும் தெரியும், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நான் மட்டும் இஸ்திரி போட்டுக்கிட்டு வந்து உக்காந்தேன்."

"சொல்ல வாய் வரல. தப்புத்தான்."

"தப்பெல்லாம் நீதான் பண்ணினன்னு அங்கேயும் சொல்லிட்ட. எனக்கு அந்தத் தப்புல கூடப் பங்கில்ல." அவன் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

அண்ணி பின்னாலேயே போய்க் கெஞ்சவில்லை. நின்ற இடத்திலிருந்தே, மேடையில் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"காலையில மூணு பேரோட எடை போட்டிருக்கு. நீங்க ஏறலன்னா ஜல்லியில நீங்களும் சேந்துடுவீங்க."

அண்ணன் நின்றான். இந்த மனுஷனுக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், ஆனால் சுமை தூக்கி வளர்ந்தவன். தப்பான எடையில் சரக்கு போவதை அவன் உடம்பு ஒத்துக்கொள்ளாது. முனகிக்கொண்டே திரும்பி வந்தான். ஏறுவதற்கு அண்ணி கை கொடுத்தார். பிடித்துக்கொண்டான், முகத்தைப் பார்க்கவில்லை.

காலி லாரி கடகடவென்று ஆடியது. ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் நின்றோம். சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது, வேகன் மேல் வேகனாக. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப வேகம் எந்த வீட்டுது?"

"விஜ்னு ஒரு வேர். நடுங்கறது, துள்ளறது."

"நல்ல வீடுதானா?"

"நல்ல பழைய வீடு."

"அங்க பொறந்து, இங்க வந்து, வாகனத்தோட வேகனோட எத்தன காலமா பொழங்கிக்கிட்டிருக்கு. நம்ம எழுத்துல மூஞ்சியும் ஒண்ணாயிடுச்சு. பாக்கறவனுக்குக் கூடப்பொறந்த மாதிரி இருக்கு."

"ஆமா."

"அப்ப அது மாமனார் இல்லடி. மருமக." அவன் இன்னும் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "உன்ன மாதிரி."

அண்ணி புடவைத் தலைப்பை எடுத்துக் கேபின் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு, "கட்டுரையில அப்படி எழுத முடியாதுங்க" என்றார்.

"கட்டுரையில யார் கேட்டா? வீட்டுல வெச்சுக்க."

கேட் திறந்தது.

யார்டுக்கு வந்து மேடையில் ஏற்றினேன். மீசைக்காரர் குரல் சளியோடு வந்தது. "காலையில இருந்தவங்கதானா எல்லாரும்? யாராவது இறங்கினாங்களா?"

அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். லாரி லைனில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னான்:

"எல்லாரும் இருக்கோம். ஒரு வார்த்தை மட்டும் இறங்கப் பாத்துச்சு. சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்துட்டோம். போடு எடைய."